1937 வெப்பிங்கா, 1944 வெப்பிங்கா?

பழைய பிரிட்டிஷ் ராணுவ வெப்பிங் (சிப்பாய்கள் அணிந்த தடித்த பருத்தி வார்களும் பைகளும்; 1937, 1944 என்பவை வடிவமைப்பு ஆண்டுகள்) சேர்க்க நினைப்பவருக்குச் சிங்கப்பூரில் முதலில் வரும் கேள்வி இதுதான். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் 1937 வகையோடு நின்றுவிட்டேன்.

வெளித்தோற்ற வித்தியாசம் சுலபம். 1937 காக்கி, கனமானது, பித்தளைக் கொக்கிகள், கம்பளித் துணி சுற்றிய எனாமல் தண்ணீர்க் குடுவை. 1944 பச்சை, இலேசு, காட்டுப் போருக்கென்றே செய்தது, குடுவை அலுமினியம். நம் ஊர் ஈரத்தைத் தாங்குவதில் 1944 ஒரு படி மேல்தான். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிப்பதைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிடும்.

ஆனாலும் 1937-ஐ நான் விடாததற்குக் காரணம் முத்திரை. அகன்ற அம்புக்குறி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டன். 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, 'யு'வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா, இரண்டு 'டி'க்களுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. பக்கத்திலேயே தயாரித்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15-க்கு முன் இந்தத் தீவில் நின்ற பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகளை நினைத்துக்கொண்டு ஒரு வாரைப் புரட்டிப் பார்க்கும்போது அந்த நாலு எழுத்து எவ்வளவு பேசுகிறது! எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து யார் அணிந்தது என்று மட்டும் முடிவுகட்டக் கூடாது. சரக்கு படைகளுக்கிடையே கலந்தது. 1944 வகையை 'சிங்கப்பூர் வீழ்ச்சிக் காலத்தது' என்று யாராவது விற்றால் ஆண்டே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். அது அதிகம் புழங்கியது பிந்தைய மலாயா அவசரகாலத்தில்.

அதனால் வெப்பிங்கைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மேலே பூசிய பிளாங்கோ என்ற நிறப் பூச்சோடு முத்திரை மையும் போய்விடும். உலர்ந்த மென்தூரிகை போதும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். கேமரா வைக்கும் உலர்பெட்டியில் இடம் இருந்தால் அதிலேயே வையுங்கள்.

பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறையை இடுப்பு வாரில் தொங்கவிடும் ஃப்ராக் என்ற பட்டைக்கும் இதே முத்திரைச் சோதனைதான். கூடவே எந்த பயனெட் அதில் வந்தது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் எஸ்எம்எல்இ துப்பாக்கியின் 1907 பயனெட்டுக்கு அலகு மட்டும் 17 அங்குலம். அதற்குப் பின் வந்த நம்பர் 4 துப்பாக்கியின் ஆணி போன்ற பயனெட்டுக்கு 8 அங்குலம். மலாயாப் போரில் பெரும்பாலும் எஸ்எம்எல்இதான், ஆகவே ஆணி பயனெட்டோடு வரும் '1942 செட்' என்றால் நான் சந்தேகப்படுவேன்.

ஜப்பானிய டைப் 30 பயனெட்டின் ஃப்ராக்குகள் என் கையில் அதிகம் வந்ததில்லை. வந்த தோல் ஃப்ராக்குகளில் பூஞ்சை விரைவாகப் பிடித்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பயனெட்டையே வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் போலீஸ் உரிம விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு ஆண்டு முத்திரை தெளிவாக இருக்கும் ஒரு 1937 ஃப்ராக் போதும்.