குவெரிக்குள் குறியாக்கமா, ஹாஷா?

பாஸ்வேர்டுக்கு ஏஇஎஸ் (சாவியால் திறக்கக்கூடிய குறியாக்கம்), போன் நம்பருக்கு எஸ்எச்ஏ2 (திருப்பி எடுக்க முடியாத ஹாஷ்) என்று தலைகீழாக எழுதிய குவெரிகளை, அதாவது டேட்டாபேஸ் கட்டளைகளை, இன்றும் பார்க்கலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேமித்த மதிப்பை மறுபடி படிக்க வேண்டுமா? படிக்க வேண்டுமென்றால் குறியாக்கம். ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதுமென்றால் ஹாஷ். பாஸ்வேர்டு இரண்டாவது வகை.

2013இல் அடோபியிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகள், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே முடிவு தரும் ஈசிபி முறையில் குறியாக்கப்பட்டிருந்தன. ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே குறியாக்கம். பக்கத்திலேயே பயனர்கள் எழுதிய குறிப்புகள் வெறும் எழுத்தில் கிடந்ததால், சாவி இல்லாமலே பலவற்றை ஊகிக்க முடிந்தது. ஆனால் ஹாஷ் போட்டாலே காரியம் முடிந்துவிடாது. 2012இல் வெளியான சுமார் 65 லட்சம் லிங்க்டுஇன் ஹாஷ்கள், சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத எஸ்எச்ஏ1. அவற்றில் ஏராளமானவை சீக்கிரமே உடைந்தன.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் தரும் எம்டி5, எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ2 ஹாஷ்கள் மூன்றுமே வேகமானவை. பாஸ்வேர்டுக்கு அந்த வேகமே ஆபத்து, திருடியவரும் அதே வேகத்தில் ஊகித்துப் பார்க்கலாம். இந்த இடத்தில் இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தெளிவாக முந்துகிறது. அதன் பிஜிகிரிப்டோ என்ற துணைத்தொகுப்பில் மெதுவான பிகிரிப்ட் ஹாஷ் உண்டு, சால்ட்டும் அதுவே உருவாக்கும். ஆனால் சுற்று எண்ணை (கணக்கீடு எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) சொல்லாமல் விட்டால் 6தான் வரும். அது மிகக் குறைவு, 12 என்று நாமே கொடுத்துவிடலாம்.

குறியாக்கத்திலும் மைஎஸ்கியூஎல் முன்னிருப்பு அமைப்பு ஏஇஎஸ்-128-ஈசிபி, அடோபியைக் கவிழ்த்த அதே முறை. அதை ஏஇஎஸ்-256-சிபிசி முறைக்கு மாற்றி, ஒவ்வொரு வரிக்கும் புதிய ஐவி (தொடக்கத்தில் கலக்கும் தற்செயல் மதிப்பு) கொடுங்கள். பிஜிகிரிப்டோவின் பிஜிபி குறியாக்கச் செயற்கூறுகள் ஒவ்வொரு முறையும் வேறு முடிவைத் தருகின்றன, மதிப்பு திருத்தப்பட்டிருந்தால் கண்டுபிடிக்கவும் செய்கின்றன.

அப்புறம் தேடல். குறியாக்கிய போன் நம்பரைத் தேட குவெரியின் WHERE (நிபந்தனை) பகுதியில் டிகிரிப்ட் எழுதினால், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) உதவாது, டேபிள் முழுவதையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதற்காகப் பக்கத்தில் ஒரு எஸ்எச்ஏ2 ஹாஷை வைப்பவர்கள் குறியாக்கத்தையே வீணாக்குகிறார்கள். இந்தியாவின் 10 இலக்க மொபைல் எண்கள் அத்தனையையும் ஹாஷ் செய்து பார்ப்பது ஒரு ஜிபியூவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) சில நொடி வேலை. தனிச் சாவி போட்ட எச்மேக் (சாவி சேர்த்துக் கணக்கிடும் ஹாஷ்) மதிப்பை வைத்து, அதற்கு இண்டெக்ஸ் கொடுப்பதே சரி.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது சாவிதான். குவெரியில் எழுதிய சாவி சர்வர் வரை போகிறது, சர்வரின் பதிவேடான லாகிலும் பதிவாகலாம். குவெரியில் எழுதாமல் பைண்ட் பராமீட்டராகத் தனியே கொடுத்தாலும், சர்வர் பக்கம் பிரிப்பேர் செய்த (முன்கூட்டியே தயார் செய்த) குவெரியை மைஎஸ்கியூஎல் ஜெனரல் லாக் மதிப்புகளோடுதான் எழுதும். பூட்டையும் சாவியையும் ஒரே திண்ணையில் வைப்பதுபோல் இது. அதனால் என் தேர்வு, குறியாக்கத்தையும் பாஸ்வேர்டு ஹாஷையும் அப்ளிகேஷனிலேயே செய்துவிடுவது. பல பழைய புரோகிராம்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்கின்றன, அவற்றை மாற்ற வழியில்லை என்றால் மட்டும் பிஜிகிரிப்டோ. அப்போதும் டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கிய) இணைப்பு கட்டாயம், லாக் அமைப்புகளையும் லாகைப் படிப்பவர்கள் யார் என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.