மே மாதக் காசு: மலாவிக்கு ஏழு வருடம் அனுப்பிய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார், "நீ ஆப்பிரிக்காவில் ஏதோ பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறாயே, நம்பி அனுப்பலாமா?" என்று. ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்க நினைத்து உட்கார்ந்தேன், பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

நான் அனுப்புவது மலாவிக்கு. நாட்டின் தெற்கே பலோம்பே மாவட்டம், முலாஞ்சே மலைக்கு வடக்கே. 2016 முதல் இரண்டு வருடம் அந்நாட்டின் பிளான்டயர் நகரத்தில் வேலை பார்த்தபோது பழக்கமான குழு. ஆறேழு பேர், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான் மொத்த அமைப்பும். தாய் தகப்பன் இல்லாமல் பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம். அந்த ஊர்களில் எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே நடுவிலிருந்து உருவிக்கொண்டு போனது, பாட்டிகள் மறுபடியும் பிள்ளை வளர்க்கிறார்கள். அங்கே 1994 முதல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் வெறும் வயிற்றோடு எந்தப் பிள்ளை நடந்து போய் உட்காரும்? அதனால் காலையில் கஞ்சி. மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்தது, பெயர் லிக்குனி பாலா. (முதல் தடவை போனில் "பாலா முடிந்துவிட்டது" என்று சொன்னபோது யாரோ இறந்துவிட்டார் என்று பதறிப்போனேன்.)

2018இல் மாதம் 3,000 ரூபாய் என்று ஆரம்பித்தேன். மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணமும் நடுவில் இருக்கிற இன்னொரு வங்கி பிடிப்பதும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை வழியிலேயே தின்றுவிட்டன. இங்கே வரிச்சலுகையும் கிடையாது, நன்கொடைக்கான சலுகையெல்லாம் இந்திய அமைப்புகளுக்குத்தான். சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். 2019 ஜனவரியில் கஞ்சி மூன்று வாரம் நின்றது என்று தெரிந்ததும் பொறுமை போய்விட்டது. மாதம் தவறாமல் அனுப்புகிறேனே, என்ன செய்கிறீர்கள் என்று காட்டமாக எழுதினேன். பதில் வர 19 நாள். வந்த பதிலும் ஒரே வரி: முடிந்தால் வருடக் காசை மொத்தமாக மே மாதம் அனுப்புங்கள்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கேட்கிற எவனையும் நம்பாதே என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது.

அப்புறம் பிளான்டயரில் என்னோடு வேலை பார்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், சிரித்தார். அங்கே மக்காச்சோள அறுவடை ஏப்ரல், மே. அப்போது விலை தரைமட்டம். டிசம்பர் முதல் மார்ச் வரை வீட்டில் தானியம் தீர்ந்து போகிற பஞ்ச மாதங்கள், மே மாதத்து மூட்டை ஜனவரியில் இரண்டு மடங்கு விலைக்குப் போகிற வருடங்களும் உண்டு. நான் ஒழுங்குமுறையாக மாதாமாதம் அனுப்பி, எல்லாரும் விலை ஏறித் தவிக்கிற மாதத்திலும் ஏறின விலைக்கே வாங்க வைத்திருக்கிறேன். நம் ஊரில் வருடத்துக்குப் புளியும் மிளகாயும் வாங்கி வைக்கிற எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை.

2019 மே முதல் மொத்தமாகத்தான் அனுப்புகிறேன். முதல் வருடமே வண்டு விழுந்து நாலு மூட்டை உளுத்துப் போனது, அதற்கும் கோபப்பட்டேன். மறுவருடம் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை வைத்த, காற்றுப் புகாத மூன்று அடுக்குச் சாக்கு வாங்கினார்கள், வண்டு மூச்சுமுட்டிச் செத்தது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்து கிடங்குச் சுவர் கரைந்தபோது சாக்குகள் காலி, பஞ்ச மாதத்தின் கடைசி அல்லவா, கப்புகளும் பெரிய பானையும் மட்டும் போயின. அந்த நவம்பரில் மலாவியின் மத்திய வங்கி அந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் டாலருக்கு 1,180லிருந்து 1,700க்கு இறக்கியது. காசாக வைத்திருந்தால் போயிருக்கும், மூட்டையாக இருந்ததால் தப்பித்தது.

இப்படிச் சொன்னால் மே மாதம் ஏதோ மந்திரம் என்று நினைப்பீர்கள். 2024இல் எல்நினோ வறட்சி, 28 மாவட்டங்களில் 23ஐ அரசு பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தது. மே வந்தது, விலை இறங்கவே இல்லை. என் காசுக்கு வழக்கத்தில் பாதி மூட்டைதான் கிடைத்தது, வாரம் ஐந்து நாள் கஞ்சி மூன்று நாளானது. எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. நானாகக் கேட்டுத்தான் தெரிந்தது.

இதுதான் என் தீராத எரிச்சல். கணக்கு என்பது நோட்டுப் பக்கத்தின் போட்டோ, கோணலாக, ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். ஏழு வருடமாக அதே கட்டைவிரல், நகத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. பிள்ளைகள் போட்டோ அனுப்பவே மாட்டார்கள். கட்டைவிரலை மட்டும் அனுப்புவார்கள். ஆனால் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூட்டை, விலை, விறகு, உப்பு எல்லாம் இருக்கும், கூட்டல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு வந்த பிள்ளைகள் எண்ணிக்கை. கஞ்சி உள்ள செவ்வாய் 64. கஞ்சி இல்லாத புதன் 27. கஞ்சி காய்ச்சுகிற பெண்களுக்குச் சம்பளம் என்ற கட்டமே கிடையாது, அவர்கள் முறைவைத்துச் சும்மா வருகிறார்கள். அதைக் கேட்டு எழுதினேன், அதற்கும் பதில் இல்லை.

நண்பருக்குச் சொன்னது: வேண்டாம். மாதாமாதம் தானாகப் பிடித்து, பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பி, ரசீதும் கொடுக்கிற பெரிய இடமாகப் பார்த்துக்கொள், உன் பொறுமைக்கு இது ஆகாது. அவர் விடாமல் கணக்கு எண்ணைக் கேட்டார், கொடுத்தேன்.

மதிப்பெண் வேண்டுமென்றால் பத்துக்கு நாலு. இந்த வருடக் காசு போய் 23 நாள் ஆகிறது, நோட்டுப் பக்கம் இன்னும் வரவில்லை. வந்தபிறகு கேட்டிருந்தால் எட்டு போட்டிருப்பேன்.