கூடு கட்டும் பறவைகளுக்கு பி900: சென்னைப் பக்கத்து அனுபவம்

நிக்கான் பி900 கேமரா என்னிடம் சில வருஷமாக இருக்கிறது. 2015இல் வந்த மாடல், இன்றைக்குப் பழசுதான். மாசி முதல் வைகாசி வரை சென்னையைச் சுற்றிக் கூடு வைக்கும் பறவைகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த வேலைக்கு எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். கல்யாண ஆல்பம் எடுப்பவர்கள் வேறு கேமரா பார்க்கலாம்.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், கூட்டை நெருங்க வேண்டியதில்லை. 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். எடை ஒரு கிலோவுக்குள். பெரும்பாக்கம் பக்கம் காலி மனைகளில் செம்மூக்கு ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சரளைக்கு நடுவே சின்னப் பள்ளம், அதில் கல்லோடு கல்லாக 3, 4 முட்டைகள். நடந்து போனால் போச்சு, எழுந்து ஊரைக் கூட்டிவிடும். சித்திரை வெயிலில் முட்டை காயும், காக்காய்க்கும் இடம் தெரிந்துவிடும். சாலையோரம் நிறுத்திய காருக்குள் இருந்தால் அது நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. பக்கத்துக் குட்டையில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு குடுகுடுவென ஓடிவந்து முட்டைமேல் உட்காரும், சூட்டைத் தணிக்க. இறகு நுனியில் தொங்கிய தண்ணீர்த்துளி வரை படத்தில் விழுந்திருக்கிறது.

ஆனால் வெயில் ஏறிவிட்டால் இத்தனை ஜூமும் வீண். தரை சூடாகிக் கானல் எழும்பி, பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். லட்ச ரூபாய் லென்ஸுக்கும் அதே கதிதான். விடியற்காலையில் கிளம்புங்கள்.

வெளிச்சம் குறைந்தால் கஷ்டம். செம்மார்புக் குக்குறுவான் என்ற சின்னப் பறவை, பட்டுப்போன கிளையின் அடிப்பக்கமாகப் பொந்து குடையும். மரத்தூளை வாய் நிறைய அள்ளிவந்து வெளியே துப்புவது பார்க்கவே வேடிக்கை. நிழலில் அதை எடுத்தால், முழு ஜூமில் ஒளி நுழையும் துளை எஃப்6.5 அளவுக்குச் சுருங்கிவிடும், சென்சாரும் சின்னது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 தாண்டியதும் புள்ளி புள்ளியாக வரும். பிறகு திருத்த வசதியாக, சென்சார் பதிந்ததை அப்படியே தரும் ரா கோப்பு வசதியும் கிடையாது, ஜேபெக் மட்டும்தான். அதற்காக ஃப்ளாஷ் போடுவதையும், கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்குவதையும் நான் ஏற்கவே மாட்டேன். அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. கூட்டுப் படங்களைப் பல பறவைக் குழுக்கள் ஏற்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பறவை ஃப்ரேமை விட்டு நழுவினால் லென்ஸின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்துங்கள், ஜூம் சற்றுப் பின்வாங்கும், தேடிப் பிடித்துவிடலாம். பேட்டரி கூடுதலாக ஒன்று அவசியம். காரிலிருந்து எடுக்க ட்ரைபாடைவிட, ஜன்னல்மேல் வைக்க ஒரு மணல் பை போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் லென்ஸ் முழுதாக நீண்டு மடங்குகிறதா, உள்ளே தூசி இருக்கிறதா என்று பாருங்கள். ரா வேண்டுமென்றால் 2020இல் வந்த பி950 இருக்கிறது. ஜூம் அதேதான், எடை மட்டும் ஒரு கிலோவைத் தொடும்.