ஆறு வருடமாக ஒரு போலி ஜிடிஓ

டல்லாஸில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு வரியில் கேட்டிருந்தார்: "2019 டாட்ஜ் சேலஞ்சர் கார் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. அது மசில் கார்தானே?" மசில் கார் என்றால் பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார். ஆமாம் என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் ஒர்க்‌ஷாப்பில் 640 டாலரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். வயிற்றெரிச்சலில் இருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

என்னிடம் இருப்பது 1967 பான்டியாக் லெமான்ஸ். பார்வைக்கு ஜிடிஓ, அதாவது அதே பான்டியாக் செய்த பேர்போன மசில் கார். பானெட்டில் அந்தத் திமில் உண்டு, கிரில்லில் ஜிடிஓ எழுத்து உண்டு, உள்ளே 400 கன அங்குல எஞ்சின் உண்டு, அதாவது 6.6 லிட்டர். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ செய்த கைவேலை. அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்றார்கள். அதனால்தான் என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது. டெட்ராய்ட் பக்கம் சாலையில் உப்புப் போடும் மாதங்களில் வெளியே எடுப்பதில்லை. மற்றபடி ஆறு கோடையாக ஓட்டுகிறேன். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 11 மைல். அதைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை, தெரிந்துதானே வாங்கினேன்.

புகார் ஒன்றே ஒன்றுதான். வெயில் நாளில் பெட்ரோல் போட நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

மண்சட்டியில் மீன்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் தளதளவென்று கொதிக்குமே, அதே கதை. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுபோகும். இவ்வளவு பெரிய இரும்பின் சூடு முழுக்க மேலே உட்கார்ந்து பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு ஏறும். அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். இப்போது பங்கில் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், கேட்கவே வேண்டாம். பானெட்டைத் திறந்து ஓரமாகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, காலை அசைக்காமல் சாவியைத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் காலால் பம்ப் அடித்தால் இன்னும் பத்து நிமிடம் போச்சு. "பால் வாங்க வந்த எடத்துல பெட்ரோல் ஆறுற வரைக்கும் நிக்கணுமாக்கும்" என்று என் மனைவி இப்போதெல்லாம் இதில் ஏறுவதே இல்லை.

பானெட் திறந்திருந்தால் அமெரிக்காவில் எங்கிருந்தாவது ஒரு பெரியவர் வந்துவிடுவார். எஞ்சினைப் பார்த்துச் சிரிப்பார், தான் வைத்திருந்த வண்டியைப் பற்றிச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வி வரும்: "ஒரிஜினலா?" விவரம் தெரிந்தவர் என்றால் கேட்கவும் மாட்டார். டிரைவர் கதவைத் திறந்து, கீல் பக்கத்துத் தூணில் இருக்கும் சின்னத் தகட்டைக் குனிந்து படிப்பார். அதில் வண்டி நம்பர் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. என்னுடையது 237. "ஓ, லெமான்ஸ்." கதவை மெதுவாகச் சாத்துவார், துக்க வீட்டில் சாத்துவது போல. நானோ ஓடிப்போகவும் முடியாமல் பெட்ரோல் ஆறட்டும் என்று நின்றுகொண்டிருப்பேன்.

இதே காட்சியை ஆறு கோடைகளில் எத்தனை தடவை பார்த்தேனோ. கடைசியில் கோபத்தில்தான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1963இல் பந்தயமே கூடாது என்று தன் பிரிவுகளுக்கு உத்தரவு போட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்றும் விதி இருந்தது. அந்தப் பிரிவுகளில் ஒன்றான பான்டியாக்கில் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற மூன்று பொறியாளர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும்? 1964 லெமான்ஸுக்கு 300 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு கூடுதல் பேக்கேஜ் என்று சொல்லி, பெரிய காரில் போடும் 389 எஞ்சினை அதில் இறக்கிவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்தது 32,450 விற்றது. 1966இல்தான் ஜிடிஓ தனி மாடல் ஆனது, 242 வந்தது. முதல் இரண்டு வருட ஜிடிஓக்களின் தகட்டிலும் என்னுடையதைப் போல லெமான்ஸ் நம்பர்தான். கோடி புண்ணியம், இதைப் படித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆக, மசில் கார் என்பது பிறப்பிலேயே ஒரு தில்லுமுல்லு. ஆபீசுக்கும் கடைக்கும் போகிற சாதாரண வீட்டுக் கார், அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய எஞ்சின், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் தவணையில் வாங்கக்கூடிய விலை. மூன்றும் வேண்டும். கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், மஸ்டாங் வேறு சாதி. பிளிமத் கம்பெனியின் 1968 ரோட் ரன்னர் இந்தக் கணக்குக்கு அச்சு அசல்: தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் பாய், உள்ளே 383, விலை 3,000 டாலருக்குள். பான்டியாக்கில் இன்னொரு வசதி உண்டு. லெமான்ஸுக்கு வந்த 326 எஞ்சினும் ஜிடிஓவின் 400ம் வெளியே ஒரே உருவம். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் மற்றதை முடுக்கலாம். ஆலையில் செய்தால் ஒரிஜினல், கராஜில் செய்தால் போலியா? ஏசி போட்ட கொட்டகையில் போர்வைக்கு அடியில் தூங்கும் லட்ச டாலர் ஜிடிஓவைவிட என் போலிதான் அந்த 1964 ஆட்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று எனக்குப் படுகிறது.

பொருந்தாத எஞ்சின் என்றால் உண்மையிலேயே பொருந்தாததுதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு தடவை நன்றாகப் பிடிக்கும், இரண்டாவது தடவை யோசித்துப் பிடிக்கும். வளைவில் முன்பக்கம் நேராகவே போகப் பார்க்கும். ஆனால் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன்னால் இரண்டு சின்ன ஓட்டை, பின்னால் இரண்டு பெரிய ஓட்டை. மெதுவாகப் போகும்போது சின்னது மட்டும். மூன்றாவது கியரில் காலை முழுக்க அமுக்கினால் அரை நொடி ஒன்றும் நடக்காது. பிறகு பெரியது இரண்டும் திறந்து, பானெட்டுக்கு அடியிலிருந்து சங்கு ஊதுவது போல ஒரு அடித்தொண்டைச் சத்தம் எழும். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். இதற்காக எவ்வளவு பெரியவர்கள் வந்து கதவைத் திறந்தாலும் சரி என்று அந்த நேரத்தில் தோன்றும்.

சரி, 640 டாலர் எதற்கு? ஒர்க்‌ஷாப்காரர் முதல் தடவை பெட்ரோல் பம்பை மாற்றினார், பைசா பிரயோஜனமில்லை. இரண்டாவது தடவை கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமலிருக்க அரை அங்குலத் தடுப்பு ஒன்றை வைத்து, பெட்ரோல் குழாயை எஞ்சினிலிருந்து தள்ளி ஓட்டினார். பதினைந்து நிமிடக் காத்திருப்பு இப்போது நான்கு நிமிடம். ஆனால் அரை அங்குலம் உயர்ந்ததில் ஏர் ஃபில்டர் திருகு பானெட்டின் உட்புறத்தில் இடித்துப் பெயின்டைச் சுரண்டுகிறது. இதற்கு முன்னால், பங்கில் வந்த ஒரு பெரியவர் சொன்னாரென்று, துணி காயப்போடும் மரக் கிளிப் எட்டைக் குழாயில் வரிசையாக மாட்டியிருந்தேன். இங்கே பழைய ஆட்கள் எல்லோரும் சொல்லும் வைத்தியம். வேலை செய்ததா என்றால் சத்தியமாகத் தெரியாது. ஒர்க்‌ஷாப்காரர் அவற்றைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, பில்லோடு சேர்த்துக் கொடுத்தார்.

நண்பருக்கு இன்று காலை பதில் எழுதிவிட்டேன். 2019 சேலஞ்சர் மசில் கார் இல்லை, மசில் கார் என்று சொல்லியே செய்து விற்ற கார், அதில் தில்லுமுல்லு எதுவும் கிடையாது. ஆனால் அதையே வாங்குங்கள். பட்டனை அமுக்கினால் வெயிலிலும் ஸ்டார்ட் ஆகும், பிரேக் பிடிக்கும், யாரும் கதவைத் திறந்து நம்பர் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் ஊர்வலம். அதற்கு வந்தால் என் லெமான்ஸை ஓட்டக் கொடுக்கிறேன் என்றும் எழுதினேன். டேங்க்கை முதல் நாள் ராத்திரியே நிரப்பி வைத்துவிடுவேன். நடுவில் எங்கேயும் எஞ்சினை நிறுத்தக் கூடாது. கிளிப் எட்டையும் இன்று சாயங்காலம் திரும்ப மாட்டிவிட்டேன்.