அக்வாவுக்கு வழிகாட்டித் திரை: மூன்று தெரிவுகளும் ஒரு சின்னப் பற்றரியும்

எங்கள் டொயோட்டா அக்வா 2014ஆம் ஆண்டு வண்டி. யப்பானில் அக்வாவின் அடிப்படைத் தரங்களை வாங்குவோர் இசைக் கருவியையும் திரையையும் தனியாகத் தெரிவுசெய்து பூட்டிக்கொள்வது வழக்கம். அப்படி எதையும் தெரிவுசெய்யாத ஒருவரின் வண்டி கப்பலேறி எங்களிடம் வந்ததால், டாஷ்போர்டின் நடுவில் திரை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புப் பெட்டியொன்றுதான் இருந்தது. மனைவி அதில் சில்லறைக் காசும் திருநீற்றுச் சரையும் வைத்திருந்தார். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, வண்டியை மாற்றலாமா என்று ஒரு வாரம் கணக்குப் பார்த்தோம். வரியைச் சேர்த்த விலையைக் கண்டதும் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மாதத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், அங்குள்ள ஒருவழிப் பாதைகளில் தடுமாறும் எனக்கு, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியதுபோல் பொருந்தும் ஒரு வழிகாட்டித் திரை தேவைப்பட்டது.

சந்தையில் உள்ள வழிகள் மூன்று. யப்பானிய வண்டிகளிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்படும் டொயோட்டாவின் சொந்த வழிகாட்டிக் கருவி ஒன்று. அக்வாவுக்கென்றே வார்த்த சட்டத்துடன் வரும் ஒன்பது அங்குல அன்ட்ரொயிட் திரை மற்றொன்று. மூன்றாவது, பயனியர், கென்வூட் போன்ற நிறுவனங்களின் கருவி. அதனுள் வரைபடம் எதுவும் இல்லை, கையடக்கத் தொலைபேசியில் ஓடும் வரைபடத்தை அன்ட்ரொயிட் ஓட்டோ அல்லது அப்பிள் கார்பிளே வழியாகத் திரைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. நான் மூன்றாவதைப் பூட்டி எட்டு மாதமாகிறது. ஆகவே இனி வருவதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

முதலாவதில் எனக்கும் ஆசை இருந்தது. டொயோட்டாவின் யப்பானியக் கருவிகள் 200 மில்லிமீற்றர் அகலமானவை. மற்ற நிறுவனங்களின், இரட்டை டின் எனப்படும் பொது அளவுக் கருவிகளோ 180 மில்லிமீற்றர். இந்த 20 மில்லிமீற்றர் வித்தியாசத்தால், டொயோட்டா கருவி இருபுறமும் இடைவெளியே தெரியாமல் அமர்ந்துவிடும். பின்னால் உள்ள செருகிகளும் அப்படியே பொருந்துவதால் ஒரு வயரையும் வெட்டவேண்டியதில்லை. வண்டியின் வேகத்தைச் சொல்லும் மின்துடிப்பையும் தன்னுள் இருக்கும் சுழற்சி உணரியையும் கொண்டு, செய்மதித் தொடர்பு மறைந்த இடத்திலும் வண்டி எங்கே போகிறது என்று கணிக்கும் திறமையும் அதற்கு உண்டு. ஆனால் அந்தத் திறமை முழுவதும் யப்பானின் வீதிகளுக்கானது. இலங்கைக்கான வரைபடம் அதற்கு வெளியிடப்படவில்லை. வானொலியும் அங்கு முன்பிருந்த 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு உரியது, நம்முடையதோ 87.5 முதல் 108 வரை. இடையில் ஒரு மாற்றியைப் பூட்டினால் நம் வானொலிகள் கேட்கும் என்றாலும், திரையில் தெரியும் எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் சம்பந்தம் இராது.

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்கமுடியாதது அதன் பூட்டு. இந்தக் கருவிகள் பலவற்றில் வரைபடம் ஓர் எஸ்டி அட்டையில் இருக்கிறது. அட்டை தொலைந்த நிலையில் 12 வோல்ற் பற்றரியின் இணைப்பைக் கழற்றி மாட்டினால், கருவி பூட்டிக்கொண்டு யப்பானிய மொழியில் அட்டையைக் கேட்கும். அதைத் திறக்க இஆர்சி எனப்படும் குறியீட்டைக் காசு கொடுத்துப் பெறவேண்டும். அக்வா போன்ற, பெற்றோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் ஹைபிரிட் வண்டியில் உயர் மின்னழுத்தப் பற்றரியில் கைவைக்கும் எவரும், துப்புரவுக்குத்தான் என்றாலும், முதலில் 12 வோல்ற் இணைப்பைக் கழற்றியே ஆகவேண்டும் என்பதை நினைத்தால், இது எப்போதாவது வரும் தொல்லை அல்ல என்பது விளங்கும்.

அன்ட்ரொயிட் திரையின் நன்மைகளைக் கடைக்காரர் எவரும் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார்: பெரிய திரை, உள்ளேயே கூகிள் வரைபடம், குறைந்த விலை. பெட்டியில் அச்சிட்ட நினைவக அளவையும் பதிப்பெண்ணையும் அப்படியே நம்பக்கூடாது என்பதும் இப்போது பலருக்குத் தெரிந்த விடயம். அவற்றை விட்டுவிட்டு, என் முடிவைத் தீர்மானித்த ஒரே விடயத்துக்கு வருகிறேன். வண்டி உறங்கும்போது அந்தத் திரை என்ன செய்துகொண்டிருக்கிறது?

அக்வாவில் பற்றரிகள் இரண்டு. மோட்டாரை இயக்கும் 144 வோல்ற் பற்றரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வண்டியின் கணினிகள், கதவுப் பூட்டு, விளக்கு, திரை ஆகிய அனைத்தும் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் சின்னஞ்சிறு 12 வோல்ற் பற்றரியில் தங்கியிருக்கின்றன. ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் பாரம் அதற்கு இல்லாததால் அதன் கொள்ளளவும் சிறியது. புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 30 ஆம்பியர் மணிதான். அது வலுவிழந்தால், பெரிய பற்றரி நிறைந்து கிடந்தாலும் வண்டி ரெடி எனப்படும் ஓடத் தயாரான நிலைக்கு வராது. பெரிய பற்றரியிலிருந்து சிறியதற்கு மின்னேற்றும் மாற்றி, ரெடி விளக்கு எரியும்போது மட்டுமே வேலை செய்கிறது. பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கையில், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்திப் பாட்டுக் கேட்பவர்கள், ஹைபிரிட்டில் மின்சாரத்துக்கு என்ன குறை என்று எண்ணியபடி அந்தச் சிறிய பற்றரியைத்தான் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் திரைகளில் பல, வண்டியை நிறுத்தியதும் முழுமையாக அணைவதில்லை. மறுநாள் பொத்தானை அழுத்தியவுடன் ஒளிரவேண்டும் என்பதற்காக, அரைத்தூக்கத்தில் கிடந்து மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரிரு வருடம் பழகிய பற்றரி ஒன்று, வண்டி கிளம்பத் தேவையானதை மிச்சம்வைத்து, 10 ஆம்பியர் மணியைத் தரக்கூடியது என்று கொள்வோம். நிறுத்திய வண்டி தன் சொந்தத் தேவைக்கு 25 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 0.6 ஆம்பியர் மணி. பதினாறு நாள் தாங்கும். திரை ஒழுங்காகத் தூங்கி இன்னுமொரு 30 மில்லி ஆம்பியரை எடுத்தால் அது ஏழு நாளாகச் சுருங்கும். மென்பொருள் கோளாற்றினால் தூங்காமல் 200 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொண்டிருந்தால், வெள்ளி மாலை நிறுத்திய வண்டி ஞாயிறு மாலைக்குள் கைவிட்டுவிடும். நாள்தோறும் ஓடும் வண்டியில் இது வெளியே தெரியாது. மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே கிடந்து கிடந்து பற்றரியின் ஆயுள் மட்டும் சத்தமின்றிக் குறைந்துகொண்டிருக்கும்.

இதை நான் 2022இல் கண்ணால் கண்டேன். எரிபொருள் தட்டுப்பாட்டால் அந்த யூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாள்களில், எங்கள் எதிர்வீட்டு ஆசிரியரின் அக்வா பத்துப் பன்னிரண்டு நாளாக அசையாமல் நின்றது. அன்ட்ரொயிட் திரை பூட்டிய வண்டி அது. கடைசியில் ரிமோட்டுக்குக் கதவு திறக்காமல், அதனுள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறக்கவேண்டியதாயிற்று. பற்றரி பயணிகள் இருக்கும் அறைக்குள் இருப்பதால், அக்வாவுக்கு வாயு அறைக்குள் கசியாதபடி அடைக்கப்பட்ட வகைதான் போடவேண்டும். அதன் விலை சாதாரண பற்றரியைவிடக் கணிசமாகக் கூட. மலிவாக வாங்கிய திரையில் மிச்சம்பிடித்த காசு அங்கே போய்ச் சேர்ந்தது. பழைய பற்றரியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் அன்றே என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

மூன்றாவது வகைக் கருவி, வண்டியை நிறுத்தியதும் நினைவுக்குத் தேவையான சில மில்லி ஆம்பியரை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையாகவே அணைந்துவிடுகிறது. அடுத்த முறை எழும்பச் சில வினாடிகள் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். வரைபடத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பும் கருவிக்கு இல்லை. தொலைபேசியில் கூகிள் வரைபடம் புதுப்பிக்கப்படும்போது வண்டியின் வரைபடமும் புதியதாகிறது. பத்து வருடம் கழித்து இந்தத் திரை பழசாகத் தோன்றினாலும் அதில் தெரியும் வீதிகள் பழசாகா. வடமாகாணத்தையும் கொழும்பு வரையான வழியையும் தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பதால், அநுராதபுரம்–புத்தளம் வீதியில் தொடர்பு விட்டு விட்டு வந்த இடங்களிலும் வழி மறையவில்லை. கம்பியில்லா இணைப்பைவிடக் கம்பி இணைப்பே எனக்கு நம்பகமாக இருக்கிறது. நான்கு மணி நேர ஓட்டத்தில் தொலைபேசி சூடேறுகிறது என்பது உண்மைதான். அதை டாஷ்போர்டின் மேல் வெயிலில் வைக்காமல் கீழே வைத்தபின் அந்தத் தொல்லை குறைந்தது.

பொருத்தும் வேலையில் கவனிக்கவேண்டியவை இரண்டு. அக்வாவின் ஸ்டியரிங் பொத்தான்கள் மின்தடை மாறும் சாதாரண வயர்கள் வழியாகவே பேசுகின்றன. உரிய இடைச்செருகியை வாங்கினால் கருவிக்கு அவற்றை ஒவ்வொன்றாகக் கற்பித்துவிடலாம். மற்றது றிவேர்ஸ் கமெரா. டொயோட்டாவின் சொந்தக் கமெரா 6 வோல்ற்றில் இயங்குவது. அது இருக்கும் வண்டியில் நேரே 12 வோல்ற்றைக் கொடுத்தால் கமெரா எரிந்துவிடும், ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் இடைக்கருவி அவசியம். பூட்ட வந்த இளைஞரிடம் வயர் எதையும் வெட்டக்கூடாது என்று நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்: “அண்ணை, வெட்டி ஒட்டினா அரை மணித்தியாலம், உங்கட விருப்பத்துக்குச் செய்தா அரை நாள்.” அரை நாள் கூலியை மகிழ்ச்சியோடு கொடுத்தேன். 180 மில்லிமீற்றர் கருவியின் இருபுறமும் வரும் பத்து மில்லிமீற்றர் பட்டிகள் டாஷ்போர்டின் கறுப்போடு முழுதும் ஒத்துப்போகவில்லை; உச்சி வெயிலில் உற்றுப் பார்த்தால் தெரியும். இந்த ஒன்றில் முதலாவது வழிதான் வென்றது.

அன்ட்ரொயிட் திரையை ஏற்கெனவே பூட்டியவர்கள் அதைக் கழற்றி எறியவேண்டியதில்லை. வண்டியை நிறுத்திப் பூட்டி, ரிமோட்டைத் தூரத்தில் வைத்து, அரை மணி நேரம் கழித்து, 12 வோல்ற் பற்றரியின் இணைப்பில் ஓடும் மின்னோட்டத்தை வயரிங் வேலை செய்பவர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடினால், திரையின் அமைப்புகளில் தூக்கத்தை ரத்துச்செய்து, நிறுத்தியதும் முழுதாக அணையும்படி மாற்றும் வசதி சிலவற்றில் உண்டு. விலை உயர்ந்த அன்ட்ரொயிட் திரைகளை நான் பயன்படுத்தியதில்லை. அவை நன்றாகத் தூங்கக்கூடும். ஹொண்டாவின் ஃபிட், வெசல் வண்டிகளின் வயரிங் வேறு என்பதால் நான் சொன்ன செருகி விவரங்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம்.

விற்கும் காலம் வந்தால் பெரிய திரையைக் கேட்கும் ஆளும் வருவார், யப்பானிலிருந்து வந்தபடியே வேண்டும் என்பவரும் வருவார். கறுப்புப் பெட்டியையும் அதன் நான்கு ஆணிகளையும் ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். வயர் எதுவும் வெட்டப்படாததால் அதை மறுபடி பூட்ட அரை மணித்தியாலம் போதும். திருநீற்றுச் சரைக்கு மட்டும் இன்னும் சரியான இடம் அமையவில்லை.