லிங்க்ட்இன்னில் சிநேகிதம் கிடைக்குமா? துவாஸிலிருந்து ஒரு பயனர் அனுபவம்

வேலை தேடவும் ஆள் எடுக்கவும் லிங்க்ட்இன் எப்படி உதவும் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பல வருடமாக அதில் இருந்து சம்பாதித்தது சில சிநேகிதங்கள். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடித் தருவதில் அந்தத் தளம் கெட்டி. தேடித் தந்ததோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை எனக்குச் செய்து கொடுத்தது சிங்கப்பூர் என்ற இந்தச் சின்ன ஊர்தான்.

நான் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸ் தொழிற்பேட்டையில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலிடேஷன் பிரிவில் இருக்கிறேன். தொட்டியும் குழாயும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று நிரூபித்துத் தாள் அடுக்குவதுதான் பிழைப்பு. திருச்சிக் கல்லூரித் தோழிகள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். ஆனால் ஆடிட் வரும் வாரத்தில் எனக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்று அவர்களுக்கு விளங்காது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கில் மின்தூக்கியில் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், நானும்தான்.

தளம் 2003-ல் திறந்தது, 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது என்பதெல்லாம் தெரிந்த கதை. நட்புக்கு உதவும் பகுதி அதில் ஒன்றே ஒன்று: இரண்டாம் நிலைத் தொடர்பு, அதாவது நமக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். ஒருவர் 30,000 பேர் வரை தொடர்பில் வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ! எங்கள் தொழிலில் துவாஸில் இருப்பவர்களைத் தேடினால் பெரும்பாலோர் ஏற்கெனவே இரண்டாம் நிலையில்தான் நிற்பார்கள். ஒப்பந்த வேலை அதிகம் என்பதால் ஓர் ஆலையில் திட்டம் முடிந்ததும் பக்கத்து ஆலைக்குப் போவார்கள். யாரோடு யார் வேலை பார்த்தார் என்று அவர்களின் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். நடுவில் இருப்பவரிடம் "ஆள் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், வரன் விசாரிப்பது போல. முன்பின் தெரியாத ஊரில், அதுவும் ஒரு பெண்ணுக்கு, இந்த விசாரிப்பு பெரிய தைரியம்.

முதலில் கிடைத்தவர் மதுரைக்காரர், வேறோர் ஆலையில் என் மாதிரி வேலைதான். கழுவிய தொட்டியில் பழைய மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்வாப் எடுப்போம். அந்தப் பஞ்சு உண்மையில் எவ்வளவை ஒற்றி எடுக்கிறது என்பது பற்றி அவர் பதிவு போட்டிருந்தார். சந்தேகம் கேட்டேன். பதிவைவிட நீளமாகப் பதில் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு சந்தேகம். பிறகு தாமான் ஜூரோங் உணவங்காடியில் சந்தித்தோம்.

எங்கள் தொழிலில் வேலைக்குச் சேரும்போதே ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த ஆலைக்காரரிடம் என்ன தயாரிக்கிறோம் என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே தொழில் பேச்சு சீக்கிரமே தீர்ந்துபோகும். அப்புறம் என்ன பேசுவது? மாமியார், பிள்ளையின் தமிழ் வகுப்பு, முழங்கால் வலி. எல்லாவற்றையும் பேசலாம் என்று இருந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் ஸ்வாப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம் என்று தோன்றுகிறது. அவர் எனக்கு மூத்தவர். ஆங்கிலத்தில் "டியர் மேடம்" என்று தொடங்கியது எப்போது "அக்கா" ஆனது என்று நினைவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதும் அதிலேயே உண்டு. இதைப் படித்தபோது எனக்குப் பல விஷயம் பிடிபட்டது. தளத்தில் "வாழ்த்துகள்" என்று தட்டுவதற்கு இரண்டு விநாடி. அப்படியே தட்டிக்கொண்டிருந்தால் 50 மணி நேரம் எந்த ஜென்மத்தில் சேரும்?

இங்கேதான் ஊர் உதவுகிறது. கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் துவாஸ் லிங்கில் ஏறி பாசிர் ரிஸ்ஸில் இறங்கினால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. ஒரு சாயங்காலத்தில் போய்ப் பேசிவிட்டுத் திரும்பலாம். சென்னையில் தாம்பரத்துக்காரரும் எண்ணூர்க்காரரும் வாரா வாரம் சந்திப்பார்களா? அக்கா வீடு லேக்சைடு பக்கம் என்பதால் எங்களுக்கு இன்னும் சுலபம். ஞாயிறு காலை ஜூரோங் ஏரித் தோட்டத்தில் நடை, பிறகு ஒரு கோப்பி. மணிக்கணக்கு இப்படித்தான் ஏறியது.

ஆட்குறைப்பில் அக்காவின் வேலை போனது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் வழக்கமாக 30 நாள் வருகை அனுமதி தருவார்கள். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் ஊர். புதிதாக எடுக்கும் நிறுவனமோ பொதுவாக மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத் தளத்தில் 14 நாள் விளம்பரம் போட்ட பிறகுதான் பாஸுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆக 30 என்பது கையில் பாதிதான். லிங்க்ட்இன்னில் தன் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போட்டுப் பதிவெழுதினார். கீழே "சிஎஃப்பிஆர்" என்று வரிசையாக விழுந்தது. பதிவு இன்னும் பலரைப் போய்ச் சேரட்டும் என்று போடும் எழுத்துகள் அவை. நல்லெண்ணம்தான், நானும் போட்டிருக்கிறேன்.

கடைசியில் வேலை வந்தது யார் மூலம்? எப்போதோ ஓர் ஒப்பந்த வேலையில் சில மாதம் கூட இருந்த, பேர்கூடச் சரியாக நினைவில்லாத ஒருவர் மூலம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே எழுதியதுதான் இது: புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தில் இருந்து வரும், ஏனென்றால் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்துச் செய்த சோதனை 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தபோது, வேலை மாற மிக உதவுவது ஓரளவு தூரமான தொடர்புகளே என்றுதான் சொன்னது. நெருங்கிய சிநேகிதி என்ற முறையில் நான் வேலை விஷயத்தில் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. நேர்காணலுக்குப் போனபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். வாடகை ஒப்பந்தத்தில் டிப்ளமாட்டிக் கிளாஸ், அதாவது வேலை போனால் இடையிலேயே வீட்டைக் காலி செய்ய விடும் விதி, இருக்கிறதா, நாடு திரும்ப வேண்டி வந்தால் வைப்புத்தொகை கிடைக்குமா என்று இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். இது எனக்கு ஒரு நிம்மதியையும் தந்தது. வேலைக்குத் தெரிந்தவர் போதும் என்றால், சிநேகிதியிடம் போய் "எனக்கு ஒரு வேலை பாரேன்" என்று கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொருவர் ஈசூனில் இருக்கும் அங்கிள். தரக்கட்டுப்பாட்டில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றால், ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இங்கே பிறந்தவர்களும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரே கடையில் காய்கறி வாங்குவார்கள், அதைத் தாண்டி அதிகம் கலப்பதில்லை. இரு பக்கமும் ஒரு கூச்சம். தளத்தில் அந்தக் கூச்சம் வரவில்லை. அவர் பழைய ஜூரோங் ஆலைகளைப் பற்றி எழுதினார், நான் கேள்வி கேட்டேன், தொழில் நடுவில் நின்றது. தீபாவளிக்கு வீட்டைத் திறந்துவைத்து எல்லோரையும் அழைப்பது இங்கே வழக்கம். "குடும்பத்தோட வாம்மா" என்றார். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறிப் போனோம். ஆண்ட்டியின் சம்பாலும் அவர்களின் மலாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த ரெண்டாங்கும் ஒரே மேசையில். என் அம்மாவின் கைமுறுக்கை அங்கிள் தனியாக எடுத்து ஒளித்துவைத்தார். இப்போது காலையில் போன் போட்டால் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" தான். தளத்தில் நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

தொல்லைகளும் உண்டு. சேர்ந்து கோப்பி குடிக்கலாம் என்று அழைத்து, குவளை மேசைக்கு வருவதற்குள் காப்பீட்டுத் திட்டத்தை விரிப்பவர்கள் எல்லாத் தளத்திலும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து மட்டும் எழுதும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் நம் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்கள், அதுதான் அடையாளம். பேச்சு முதலீடு, கிரிப்டோ என்று திரும்பினால் உடனே தடை செய்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம். முதல் சந்திப்பு எனக்கு எப்போதும் பகலில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவங்காடியில். அவரவர் காசு அவரவர் கொடுப்பது.

வேலை ஆண்டு நிறைவு, பிறந்தநாள் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். தளமே எழுதித் தரும் வாழ்த்தை அனுப்புவதைவிட சும்மா இருப்பது மேல். ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்பும் வசதி கைப்பேசிச் செயலியில் உண்டு. தட்டச்சில் விறைப்பாக இருக்கும் நம்மவர்கள் குரலில் சட்டென்று இளகிவிடுகிறார்கள், அதை முயன்று பாருங்கள்.

காசு கட்டும் பிரீமியம் கணக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேலை தேடும் மாதங்களில் எடுப்பது அவரவர் விருப்பம். சிநேகிதத்துக்கு என்றால் வேண்டாம். இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்த்து எழுதும் குறிப்புகள் மாதத்துக்குச் சிலவே கிடைக்கும். உண்மையிலேயே படித்துவிட்டு எழுதத் தோன்றும் ஆட்கள் ஒரு மாதத்தில் அவ்வளவு பேர்தான் எனக்கு அகப்படுகிறார்கள்.