பழைய மாருதி 800, வடசென்னை ரோடு, மைலேஜ்: சில வருஷ அனுபவம்

எங்களிடம் இருப்பது 2005 மாடல் மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற வகை, ஏ.சி. உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது ஊருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்தது. இப்போது அதே தண்டையார்பேட்டை, மணலி, மிண்ட் ஓட்டத்தில் 15, 16 வருகிறது, நல்ல ரோடு கிடைத்துவிட்டால் 19 பக்கம் போகிறது. இதற்காக வண்டியில் புதுச் சாமான் எதையும் நான் சேர்க்கவில்லை. முன்னாடி வைத்திருந்தவர்களும் அவர்களுடைய மெக்கானிக்குகளும் கழற்றிப் போட்டதைத் திரும்ப மாட்டினேன், துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்ததை விடுவித்தேன், அவ்வளவுதான். பழைய வண்டி வைத்துக்கொண்டு மைலேஜ் கிட் தேடி அலைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளக்கிற விஷயம். 500 ரூபாய்க்குப் போட்டு, முள்ளைப் பார்த்து மைலேஜ் சொன்னால் அது கணக்கே இல்லை. ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், ஃபுல் டேங்க் அடித்து நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், மேலே குலுக்கி ரவுண்டு பண்ணக் கூடாது. இந்த வண்டிக்கு டேங்கே 28 லிட்டர்தான், அதில் அரை லிட்டர் முன்னே பின்னே போனாலும் மைலேஜ் மாறித் தெரியும். அதனால் ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாமல் நாலைந்து டேங்க் சராசரி பாருங்கள். ஒரு வேலை செய்தால் அதன் பலன் தெரியும்வரை அடுத்த வேலையில் கை வைக்காமல் இருப்பதும் முக்கியம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

எனக்கு ரொம்பக் கொடுத்தது தெர்மோஸ்டாட் வால்வு, இன்ஜின் சூடாகும்வரை அதன் தண்ணியை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைக்கிற சாமான். ஹீட் முள் எப்போது பார்த்தாலும் அடியிலேயே கிடந்தது, திருவொற்றியூர் வரை போய் வந்தாலும் நடுவுக்கு ஏறாது. மேல் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. மெக்கானிக் தம்பியிடம் கேட்டேன். "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்குண்ணே, எல்லா வண்டியிலயும் எடுத்துடுவோம்" என்றான். அவன் மேலும் தப்பு சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து போர் தண்ணி உப்பு. கூலன்டுக்கு (இன்ஜினைக் குளிர்விக்க, துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றுகிற திரவம்) காசு செலவு பண்ண மனசில்லாமல் அந்தத் தண்ணியையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள், உள்ளே துரு கட்டி வால்வு மூடினபடியே சிக்கிக்கொள்கிறது, வண்டி நடுரோட்டில் கொதித்து நிற்கிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வால்வையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அத்தோடு நிற்காமல் ரேடியேட்டர் ஃபேனையும் டைரக்ட் பண்ணிவிடுகிறார்கள், சாவி போட்ட நிமிஷத்திலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் இரண்டும் நடந்திருந்தன.

கார்புரேட்டர் காலத்தில் சோக்கைத் தள்ளிவிட்டால் இதை ஓரளவு சமாளித்திருக்கலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் கூலன்டின் சூட்டை ஒரு சென்சார் வழியாகப் பார்த்துத்தான் பெட்ரோல் விடுகிறது. இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அது நினைக்கும்வரை இன்ஜெக்டர் கூடுதலாகத்தான் தெளிக்கும், ஐட்லிங்கும் ஏறியே இருக்கும். வால்வு இல்லாத இன்ஜின் நம் தெருக்களின் சின்னச் சின்ன ஓட்டத்தில் சூடாவதே இல்லை, காலையிலிருந்து ராத்திரிவரை அது மார்கழி மாசத்து ஸ்டார்ட்டிங்கிலேயே ஓடுகிற மாதிரி.

புது வால்வு சில நூறு ரூபாய்தான், புதுப்பேட்டையில் கிடைத்தது. மாட்டுவதற்கு முன் வீட்டில் அடுப்பில் பாத்திரம் வைத்து, வால்வை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கத் தொடங்கும் டிகிரி. பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் நடுவில் இருக்கிற வட்டத் தகடு மெதுவாக விலகியது, உள்ளே இருக்கிற மெழுகு உருகி விரிந்து அதைத் தள்ளுகிறது. அடுப்பை அணைத்து ஆறவிட்டதும் தானாக மூடிக்கொண்டது. பழைய கடையிலோ புதுக் கடையிலோ வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே மாட்டுங்கள். கூடவே ரேடியேட்டரை நன்றாகக் கழுவி, கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் ஊற்றி, ஃபேன் வயரைப் பழையபடி அதன் ஸ்விட்சுக்கே கொண்டுபோனோம். இந்த மூன்றையும் ஒரே வேலையாகத்தான் செய்ய வேண்டும், உப்புத் தண்ணியை விட்டுவிட்டுப் புது வால்வு போட்டால் அதுவும் சிக்கும். அடுத்த டேங்கிலேயே வித்தியாசம் கண்ணில் தெரிந்தது, லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறையாது. இத்தனை வருஷத்தில் வெயில் காலத்திலும் ஒரு தடவைகூடக் கொதித்ததில்லை.

இரண்டாவது பிரேக். கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வருகிற காற்றில் விடியற்காலை பானெட்டைத் தடவினால் கையில் பிசுபிசுப்பு ஒட்டும், அந்த உப்பு அடியில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றினேன். வலது பக்கம் தாராளமாகச் சுற்றியது. இடது பக்கம் சர்ரென்று உரசி அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பேடைத் தட்டில் அழுத்துகிற காலிப்பரைக் கழற்றினால், அது நகர்ந்து கொடுக்க வேண்டிய பின்னின் ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. பின்னைத் தட்டி எடுத்து, எமரி பேப்பரில் துடைத்து, ரப்பர் மாற்றி, சிலிகான் கிரீஸ் வைத்தோம். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப்போகும், அதை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்து முழுசாகத் திரும்பாமல் இருந்தது. பிரேக் பிடித்தபடி ஓடுகிற வண்டியில் எந்தக் கிட் மாட்டி என்ன பிரயோஜனம்? ஓட்டி முடித்து இறங்கியதும் நாலு ரிம்மிலும் கை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கேதான் உங்கள் பெட்ரோல் போகிறது. மழைக்காலம் முடிந்ததும் இந்த வேலையை நான் தவறாமல் செய்கிறேன்.

டயர். வண்டி வரும்போதே 13 இஞ்ச் அலாய் வீலும் 155/65 டயரும் போட்டிருந்தது, பார்க்க அழகுதான். கம்பெனி அளவு 145/70 ஆர் 12. இந்த இரண்டுக்கும் சுற்றளவில் கிட்டத்தட்ட 5 சதவீதம் வித்தியாசம், அதாவது ஓடோமீட்டரில் 100 ஓடும்போது வண்டி உண்மையில் 104, 105 ஓடியிருக்கும். அதனால் பெரிய டயர் போட்டவர்கள் கணக்குப் போட்டால் மைலேஜ் இருப்பதைவிட இன்னும் மோசமாகத் தெரியும், போன் ஜி.பி.எஸ். வைத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும், 37 குதிரைச் சக்தி இன்ஜின் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டிலும் இழுத்து இழுத்துப் போகும்போது அகலமான, கனமான சக்கரம் அதற்குச் சுமைதான். அலாயை விற்று, பழைய அளவு இரும்பு ரிம்முக்கே திரும்பினேன், ஸ்டியரிங்கும் லேசானது. காற்று வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாகும் முன்.

எடையும் இதோடு சேர்ந்தது. வண்டி மொத்தமே 650 கிலோ பக்கம்தான், ஓர் ஆள் கூட ஏறினாலே பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. டிக்கியில் பழைய ஸ்பீக்கர் பெட்டி, உபயோகமில்லாத டூல்ஸ், முன்னால் இரும்பு கிராஷ் கார்டு எல்லாம் இறங்கின.

இனி பலன் தராதவை. ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று பலரும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துப் பார்த்ததில், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அடைத்த ஏர் ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. நேரத்துக்கு மாற்றுங்கள், இன்ஜின் உள்ளே மணலித் தூசி போகாமல் இருக்க அது வேண்டும், ஆனால் விலை உயர்ந்த ஃபில்டருக்குப் பணம் கொட்ட வேண்டாம். பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஹைட்ரஜன் கிட் இவற்றையெல்லாம் நான் சீண்டவில்லை. அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற சாதனங்கள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்துவிட்டு, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டுகிற ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. கிரில்லை மூடுவது, அடியில் ஷீட் அடிப்பது போன்ற காற்றுத் தடை வேலைகள் வேறு ரகம், அவற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. டோல்கேட் ஜங்ஷனில் 20-இல் ஊர்கிற வண்டிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஓட்டுகிற விதத்தில் இரண்டே விஷயம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஐட்லிங்கிலேயே நிறைய பெட்ரோல் போயிருக்கும், சின்ன இன்ஜின்கூட மணிக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கும், அதனால் கேட் மூடினால் ஆஃப். அப்புறம் மூலக்கடை பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல் போடுவது. பலரும் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிப்பும் இருக்காது.

இவ்வளவு சேர்த்ததில் கொஞ்சத்தை 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வாங்கிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்கு டியூன் செய்த கார்களில் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்கிறது, எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கியது. மேலே சொன்ன 15, 16 அதற்குப் பிறகான கணக்கு. பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஹோஸை உடனே மாற்றிவிடுங்கள், என் வண்டியில் டேங்க் பக்கத்து ஹோஸ் அமுக்கினால் வெடிப்பு விடுகிற நிலையில் இருந்தது, இது மைலேஜைவிடப் பெரிய விஷயம்.

சி.என்.ஜி. போடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலுக்கு அது நியாயமான கேள்விதான், தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்குச் சரியாக வரும். ஆனால் 60 லிட்டர் இரும்பு சிலிண்டர் ஒன்று ஓர் ஆள் எடை இருக்கும், இந்த வண்டியின் டிக்கி அதோடு முடிந்தது, பின் ஸ்பிரிங்கும் உட்காரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிய வேண்டும், சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ண வேண்டும், 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யே 5 வருஷம் 5 வருஷமாகத்தான் புதுப்பிக்கிறார்கள். என் ஓட்டத்துக்குக் கிட் செலவு திரும்பி வருவதற்குள் அடுத்த ரெனியூவல் வந்துவிடும். அதனால் பெட்ரோலிலேயே ஓட்டுகிறேன். இந்த மழை முடிந்ததும் பின் டிரம் இரண்டையும் திறந்து, ஹேண்ட் பிரேக் கேபிளைப் புதுசாகவே போட்டுவிடப் போகிறேன்.